கடுகும் ஏறி இறங்கும் கட்டிலும்

என் தங்கை எதையெல்லாம் ஜெயித்தாள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் அவள் தோற்றதைச் சொன்னாலும் யாரும் அவளைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

வீட்டுக்காரரை ஜெயித்தாள். அவ்வளவு அகலமான கட்டில் இந்த வாசலில் நுழையாது என்று கையை விரித்தவரையே ஸ்குரூ டிரைவரோடு வந்து கதவைக் கழற்ற வைத்தாள். வாசலோடு நின்றுவிட்டுப் போய்க்கொண்டிருந்த மாமியாரைச் சண்டை போடாமலே உள்ளே வந்து குழந்தைக்குத் தலைவார வைத்தாள். குழந்தைக்குச் சளி நெஞ்சில் கட்டி, இனி கஷ்டம் என்று எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு பனிக்காலத்தை ஜெயித்தாள். மாற்றுத் திறனாளிகளுக்கான உதவி அலுவலகத்தையும் ஜெயித்தாள். பெரியவர்கள் படுக்கும் கட்டிலை அவள் தலையில் கட்டி அனுப்பத்தான் அங்கே பார்த்தார்கள். "இந்தக் கம்பிக்கு நடுவுல என் பொண்ணு தலை போயிடும் சார். குழந்தைங்களுக்குன்னு செஞ்சது வர்ற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அலுவலகம் பூட்டும் நேரம் வரை பெஞ்சில் உட்கார்ந்தாள். மறுநாளும் உட்கார்ந்தாள். "அம்மா, இந்தப் பெஞ்சை உங்க பேருக்கே எழுதி வாங்கிக்குங்க" என்று காவலாளி சொல்லும் வரை உட்கார்ந்தாள். கட்டில் வந்தது.

எங்கள் வீட்டில் அவளைக் கடுகு என்றுதான் கூப்பிடுவோம். சின்ன உருவம், கறுப்பு நிறம், சூடு பட்டால் வெடிப்பாள். ஒரே ஒரு விஷயத்திடம் மட்டும் சின்ன வயதிலிருந்து அவள் தோற்றுக்கொண்டே இருந்தாள். அதற்குப் பெயர் பொறாமை. எனக்குக் காய்ச்சல் வந்து எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்தால், சாயங்காலத்துக்குள் அவளுக்கும் காய்ச்சல் வந்துவிடும். பொய்க் காய்ச்சல் இல்லை, தொட்டால் சுடும். அம்மா தலையில் அடித்துக்கொண்டு, "இவ பொறாமைக்கு தெர்மாமீட்டரே பயப்படுது" என்பாள்.

நான் எட்டாவது வரை படித்தேன். கடுகைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷமே அம்மா படுக்கையில் விழுந்ததால் அவளை நிறுத்திவிட்டார்கள். எண் தெரியும், எழுத்து தெரியாது. பெரியவளானதும் ஒரு சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஊரில் உள்ள ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளெல்லாம் அங்கேதான் வெளுக்க வரும். ஓரத்தில் தைத்திருக்கும் குறியைப் பார்த்தே எது எந்த ஓட்டலுடையது என்று சொல்லிவிடுவாள். இஸ்திரி மேசையில் அவள் கை பட்ட விரிப்பில் சுருக்கத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. நான் பக்கத்துத் தெருவில் தையல்கடையில் இருக்கிறேன். துணி விஷயத்தில் யாரையும் லேசில் பாராட்டுகிறவள் இல்லை. இதை எழுதுகிறேன் என்றால் அது உண்மை.

அவளுக்கு ஒரே பெண். பாப்பா என்று கூப்பிடுவோம். பிறக்கும்போதே மூளைக்கு மூச்சு போதாமல் கைகால் விறைத்துப் பிறந்தவள். அப்போது ஆறு வயது. பேச்சு கிடையாது, உட்கார முடியாது. ஆனால் சிரிப்பாள். குடத்தில் தண்ணீர் நிரம்பி வழியப் போகும்போது கடைசியாக ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குத்தான் கடுகு உயிரை வைத்துக்கொண்டிருந்தாள். லாரி ஓட்டும் மாப்பிள்ளை வாரக் கடைசியில்தான் வீட்டில் இருப்பார். அதனால் கட்டில் வரும் வரை பாப்பாவைத் தூக்குவது, புரட்டுவது, நெஞ்சை உயர்த்திப் பிடித்துச் சளியை இறக்குவது எல்லாம் அவள் ஒருத்தியின் இடுப்பும் முதுகும்தான். பகலில் மாமியார் பார்த்துக்கொள்வாள், ஆனால் தூக்க மாட்டாள்.

கட்டிலைப் பொருத்த வந்தவர் பொறுமையான மனிதர். தலைப்பக்கம் தனியாக உயரும், முழங்கால் மடியும் இடம் தனியாக உயரும், கட்டில் முழுவதுமாக ஏறும், இறங்கும். நாலு பக்கமும் மரத் தடுப்பு, ஒரு பக்கத்துத் தடுப்பைத் திறக்கலாம். எல்லாவற்றையும் அவர் செய்து காட்டினார். "வேலை முடிஞ்சா கட்டில் தரைக்கு எவ்வளவு கிட்ட போகுமோ அவ்வளவு கிட்ட போகணும். தடுப்பைப் பூட்டினா சத்தம் கேக்கணும். சத்தம் மட்டும் போதாது, பிடிச்சு ஆட்டிப் பாக்கணும். முதல்ல முழங்காலை மடக்குங்க, அப்புறம் தலையை உயர்த்துங்க. இல்லேன்னா குழந்தை வழுக்கிட்டுக் கீழ போயிடும். ரிமோட் குழந்தை கைக்கு எட்டாத இடத்துல தொங்கணும். கட்டிலோட வந்த மெத்தைதான் மெத்தை. அது மேல இன்னொண்ணு, நடுவுல தலகாணி, அதெல்லாம் ஆசைக்குக்கூட வேண்டாம்."

"கீழ இறக்கும்போது அடியில ஒண்ணும் இருக்கக் கூடாதும்மா" என்று அவர் முடிப்பதற்குள் அடியிலிருந்து படீரென்று ஒரு சத்தம். கடுகு அவசரத்தில் தள்ளி வைத்திருந்த பிளாஸ்டிக் வாளி அப்பளமாக நசுங்கியிருந்தது. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "வாளியா போச்சு, நல்லது" என்றார்.

கட்டிலோடு இன்னொன்றும் வந்தது. உதவி அலுவலகம் அனுப்பிய பராமரிப்புப் பெண். கடுகு வேலைக்குக் கிளம்பும்போது வருவாள், திரும்பும்போது போவாள். நாங்கள் சிஸ்டர் என்று கூப்பிட்டோம். நல்ல உயரம், நிதானமான பேச்சு, நகம் ஒட்ட வெட்டிய கை. அவளிடம் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கடுகுக்கு அதுதான் முதல் குறை.

"எப்படி இருக்கா சிஸ்டர்?" என்று முதல் வாரம் கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கா. அவ்வளவு நல்லா இருக்க வேண்டாம்" என்றாள் கடுகு.

கட்டிலின் கால்பக்கம் ஒரு அட்டை தொங்கும். தினமும் காலையில் சிஸ்டர் தடுப்பு, சக்கரப் பூட்டு, மெத்தை, ரிமோட் எல்லாம் பார்த்துவிட்டு அதில் கையெழுத்துப் போடுவாள். கடைசி எழுத்தின் வாலை இழுத்து, சுழித்து, அழகான கையெழுத்து. சாயங்காலத்துக்கு வீட்டார் போட வேண்டிய கட்டம் பக்கத்தில் காலியாகவே இருக்கும். சிஸ்டர் பேனாவை நீட்டியபோது கடுகு வாங்கவில்லை. "நான் பெத்தவ. பெத்தவளுக்கு எதுக்கு கையெழுத்து?" என்றாள். கம்பீரமாகத்தான் இருந்தது. எழுதத் தெரியாது என்பது எனக்கும் மாப்பிள்ளைக்கும் தெரியும், சிஸ்டருக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதில் கடுகு குறியாக இருந்தாள். ஆனால் தினமும் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கண் முதலில் அந்தச் சுழிப்புக்குத்தான் போகும். தன் குழந்தையின் காலடியில் இன்னொருத்தியின் பெயர்.

"என்னவோ வீடு அவ பேர்ல பதிஞ்ச மாதிரி தினம் ஒரு சுழி" என்பாள்.

"அது கட்டிலைப் பாத்ததுக்கு அடையாளம்டி."

"அக்கா, உனக்கு ஒண்ணும் தெரியாது. நீ காஜா எடு."

இதெல்லாம் பரவாயில்லை. சிரிப்புதான் அவளைச் சுட்டது. சிஸ்டர் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்திருந்தாள். பாப்பாவின் முழங்காலை மடக்கிவிட்டு, தலைப்பக்கத்தைக் கொஞ்சமாக உயர்த்துவாள். கட்டிலின் மோட்டார் ம்ம்ம் என்று முனகும். அதோடு சேர்ந்து இவளும் "ம்ம்ம்… கப்பல் கிளம்புது" என்பாள். பாப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். ஒருநாள் கடுகு வேலை முடிந்து வரும்போது ஜன்னலுக்கு வெளியிலேயே அந்தச் சிரிப்பைக் கேட்டாள். உள்ளே போகாமல் நின்று கேட்டாள். உள்ளே போனபோது சிரிப்பு நின்றுவிட்டது. பாப்பா அம்மாவைப் பார்த்தாள், சும்மா பார்த்தாள்.

"நான் போனா நின்னுடுதுக்கா" என்று என்னிடம் வந்து சொன்னாள். முகம் இஸ்திரிப் பெட்டி மாதிரி காய்ந்திருந்தது. "ஆறு வருஷம் நான் முதுகை ஒடிச்சுக்கிட்டேன். இவ வந்து ஒரு பொத்தானை அமுக்கிட்டு என் சிரிப்பை வாங்கிக்கிறா."

"உன் சிரிப்பு இல்லடி, குழந்தை சிரிப்பு."

"ரெண்டும் ஒண்ணுதான்."

அதன் பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். சலவைக்கூடத்தில் ஒரு ஓட்டல் ஓரம் கட்டிப் போட்ட தடித்த பஞ்சு மெத்தை ஒன்று கிடந்தது. அதைக் கேட்டு வாங்கி, கொதிக்கும் நீராவியில் சுத்தம் பண்ணி, கட்டில் அளவுக்கு வெட்டி, தன் கையாலேயே உறை போட்டாள். சாயங்காலம் சிஸ்டர் போனதும் அதைக் கட்டில் மெத்தையின் மேல் விரிப்பாள். விரிப்பை மேலே போட்டு இழுத்துச் செருகினால் ஓட்டல் படுக்கை தோற்றுவிடும். காலையில் சிஸ்டர் வருவதற்குள் எடுத்து அலமாரிக்குப் பின்னால் செருகிவிடுவாள்.

"பகல்ல அவ மெத்தையில படுக்கட்டும். ராத்திரி அம்மா மெத்தை" என்றாள் மாப்பிள்ளையிடம். அவர் மெத்தையை அமுக்கிப் பார்த்து, "எனக்கும் ஒண்ணு வெட்டேன், லாரியில போட்டுக்கறேன்" என்றதோடு சரி. கட்டிலில் மெத்தை உயர்ந்தால் தடுப்பு தானாகவே குட்டையாகிவிடும் என்பது அவர் தலையில் ஏறவில்லை. கட்டில் பொருத்தியவர் சொன்னது கடுகுக்கு நினைவிருந்தது. ஆனால் அது சிஸ்டருக்குச் சொன்ன சட்டம், அம்மாவுக்குச் சொன்னது இல்லை என்று அவள் மனம் பிரித்து வைத்திருந்தது. மெத்தையை எனக்கு அவள் காட்டவே இல்லை. நான் டேப்பை எடுத்துவிடுவேன் என்று தெரியும்.

அந்தச் சாயங்காலம் வெயில் இன்னும் தெருவில் இருந்தது. கடுகு பாப்பாவுக்குத் துணி மாற்ற, முதுகு வலிக்காமல் இருக்கக் கட்டிலை உயர்த்தியிருந்தாள். அது சரியான முறைதான். துணி மாற்றி முடித்தாள். பாப்பா மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கடுகு தடுப்பைப் பூட்டினாள், ஆட்டியும் பார்த்தாள். இனி இறக்க வேண்டியதுதான். ரிமோட் கையில் இருந்தது.

"ம்ம்ம்" என்றாள் கடுகு. "கப்பல் கிளம்புது."

பாப்பா திரும்பிப் பார்த்தாள்.

தலைப்பக்கத்தை உயர்த்தினாள். பாப்பாவின் வாய் ஓரம் லேசாக அசைந்தது. அவ்வளவுதானா? சிஸ்டர் தலைப்பக்கத்தை மட்டும்தான் உயர்த்துவாள். அம்மா கப்பல் அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டாமா? கடுகு முழுக் கட்டிலையும் உயர்த்தும் பொத்தானை அமுக்கினாள். கட்டில் அவள் மார்பு உயரத்துக்கு ஏறியது. "ம்ம்ம்… ம்ம்ம்… அம்மா கப்பல், பெரிய கப்பல்."

பாப்பா சிரித்தாள். அதுவரை யாரும் கேட்டிராத சிரிப்பு. உடம்பு முழுக்கச் சிரித்தாள். சிரிப்பு வந்தால் அவள் உடம்பு வில் மாதிரி வளையும், இதுவும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வளைந்து, புரண்டு, இரண்டு மெத்தை உயரத்திலிருந்து, குட்டையாகிப்போன தடுப்பின் மேலாகத் தலை முதலில் வெளியே வந்தாள்.

கடுகு ரிமோட்டை விட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். குழந்தை அவள் தோள் மேல் விழுந்தது. இருவரும் தரையில் விழுந்தார்கள். வேலை முடிந்து நான் உள்ளே நுழைந்தபோது கடுகு முழங்கால் கிழிந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். பாப்பா அவள் மடியில். உதடு கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அழவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டில் மேலே, காலியாக, உச்சியில் நின்றது.

"சிரிச்சாக்கா" என்றாள் கடுகு.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். தலையிலும் எலும்பிலும் ஒன்றும் இல்லை என்றார்கள். உதட்டுக்கு மருந்து போட்டார்கள். திரும்பி வந்ததும் கடுகு மெத்தையைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் செருகினாள். அப்போதுதான் அதை நான் முதல் தடவை பார்த்தேன். டேப்பை எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை, கண்ணுக்கே தெரிந்தது.

மறுநாள் காலை சிஸ்டர் வந்து உதட்டைப் பார்த்தாள். "என்னக்கா இது?"

"தூக்கும்போது பட்டுடுச்சு."

சிஸ்டர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் குழந்தைக்குக் காயம் என்றால் அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும், அது அவள் வேலை. சொன்னாள். இரண்டு நாள் கழித்து மேற்பார்வை அம்மா ஒருவர் வந்தார். கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்திருந்தேன். சிஸ்டர் சுவரோரம் நின்றிருந்தாள். பாப்பா கட்டிலில்.

மேற்பார்வை அம்மா கால்பக்கத்து அட்டையை எடுத்துப் பார்த்தார். காயம் பட்ட நாளின் காலைக் கட்டத்தில் சிஸ்டரின் சுழிப்பு. சாயங்காலக் கட்டம் காலி.

"விழுந்ததால பட்ட அடின்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்க. தூக்கும்போது பட்டதுன்னு நீங்க சொல்றீங்க" என்று கடுகிடம் கேட்டார். "கடைசியா கையெழுத்துப் போட்டது சிஸ்டர். தடுப்பு பூட்டு ஏதாவது சரியா விழாம விட்டுட்டாங்களா? பயப்படாம சொல்லுங்க. அப்படி இருந்தா வேற ஆளை அனுப்பிடுவோம்."

அந்த அறையில் கடுகின் வாழ்க்கையிலேயே மிக எளிதான வெற்றி அவள் முன்னால் வந்து நின்றது. பொய்கூட வேண்டாம். கொஞ்சம் தலையை ஆட்டினால் போதும். நாளையிலிருந்து அந்தச் சுழிப்பு இருக்காது. கப்பல் இருக்காது. சிரிப்பு வந்தால் அவளுக்கு மட்டும் வரும். அது அவள் முகத்தில் ஓடியதை நான் பார்த்தேன். முப்பது வருஷமாக அந்த முகத்தைப் பார்க்கிறவள் நான். சிஸ்டரும் பார்த்திருப்பாள்.

கடுகு அலமாரிப் பக்கம் போனாள். பின்னால் கையை விட்டு மெத்தையை இழுத்து வெளியே போட்டாள். தூசி கிளம்பியது.

"பூட்டெல்லாம் நல்லாத்தான் விழுந்துச்சு. இதை மேல போட்டது நான். கட்டிலை மொட்டை மாடி வரைக்கும் ஏத்துனதும் நான்."

"எதுக்கும்மா?"

"இவ சிரிக்க வைக்கிறா, என்னால முடியல. அதுக்கு" என்றாள் கடுகு, சிஸ்டரைக் கையால் காட்டி. பிறகு அவளைப் பார்த்து, "ரொம்ப சந்தோஷப்படாத. உன் மேல எனக்கு இன்னும் எரிச்சல்தான். ஆனா உன் பூட்டு மேல குத்தம் இல்ல" என்றாள்.

மேற்பார்வை அம்மா தலையிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கிப் போட்டுக்கொண்டார். திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. கடைசியில் சொன்னார்: சாயங்காலமும் ராத்திரியும் கட்டிலைக் கையாளுகிறவர் முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும். தினமும் சோதித்துவிட்டு அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இந்த மாதம் முடிவதற்குள் அது நடக்கவில்லை என்றால் கட்டிலைத் திரும்ப எடுத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை.

"யாரு கத்துக்குடுப்பாங்க?" என்று நான் கேட்டேன்.

"சிஸ்டர்தான்."

கடுகு கண்ணை மூடிக்கொண்டாள்.

கட்டிலைக் கற்றுக்கொள்வது அவளுக்குக் கஷ்டமாக இல்லை. கை வேலை எதுவும் அவளுக்குக் கஷ்டம் இல்லை. சிஸ்டர் சொல்ல வேண்டியதைச் சொல்வாள், கடுகு செய்வாள், இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கட்டிலையே பார்த்துக்கொண்டு பேசுவார்கள். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, தடுப்பை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கடுகு கேட்டாள்.

"உனக்குக் குழந்தை இருக்கா?"

"இல்லக்கா."

"அதான் இவ்வளவு பொறுமை."

சிஸ்டர் சிரித்துவிட்டாள். பிறகு சக்கரத்தைக் காலால் பூட்டிக்கொண்டே, "பொறுமையெல்லாம் இல்லக்கா. சாயங்காலம் ஆனா எனக்குத்தான் வயிறு எரியும்" என்றாள்.

"உனக்கா? எதுக்கு?"

"தெருவுல உங்க சாவிக்கொத்துச் சத்தம் கேட்டா போதும். அப்புறம் நான் என்ன கப்பல் விட்டாலும் இவ சிரிக்க மாட்டா. வாயில வச்ச வாழைப்பழத்தைக்கூட முழுங்க மாட்டா. கதவையே பாத்துக்கிட்டிருப்பா. காலையிலேர்ந்து நான் சேத்து வச்சதை ஒரு சாவிச் சத்தத்துல தூக்கிட்டுப் போயிடுவீங்க. பெத்தவங்கங்கிறதால பிழைச்சீங்க."

கடுகு குனிந்து, ஏற்கெனவே பூட்டியிருந்த சக்கரத்தை மறுபடியும் பூட்டினாள். ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு உள்ளே போனபோது சிரிப்பு ஏன் நின்றது என்று அவள் இத்தனை நாள் வேறு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அன்று நான் வீட்டுக்குக் கிளம்பும்போது சாவிக்கொத்தை என் காதருகே குலுக்கிக் காட்டி, "இதுக்காக்கா எரியறா அவ?" என்று கேட்டாள். நாலைந்து சாவி, துருப்பிடித்த ஒரு வளையம். இதற்குப் போய் ஒருத்தி பொறாமைப்படுகிறாளே என்ற பெருமை அவள் முகத்தில் வழிந்தது. பொறாமை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். தன்னைப் பார்த்துப் பொறாமைப்படவும் ஒரு ஆள் கிடைத்ததில் கொஞ்சம் இளைப்பாறியது.

மிச்சம் இருந்தது கையெழுத்து.

மாதம் ஓடிக்கொண்டிருந்தது. கைநாட்டு வைத்தால் என்ன என்று நான் கேட்டேன். அலுவலகத்தில் அதையும் ஏற்றுக்கொள்வார்கள், விசாரித்திருந்தேன்.

"அவ சுழி பக்கத்துல நான் கட்டைவிரலை வைக்கணுமா? மாட்டேன்."

"அப்ப அவகிட்டயே எழுதக் கத்துக்கோ."

"செத்தாலும் மாட்டேன்."

"அப்ப என்கிட்ட."

"நீ எட்டாவது படிச்ச திமிருல சொல்லிக் காமிப்ப."

கடைசியில் அவள் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. என் கடையில் இருந்த பழைய ரசீது ஒன்றின் பின்பக்கம் அவளுடைய முழுப்பெயரைப் பெரிதாக எழுதித் தரச் சொன்னாள். கடுகு என்று இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அப்பா கொடுத்த பெயர், அதற்குப் பிறகு அவளை யாரும் கூப்பிடாத பெயர். எழுதிக் கொடுத்தேன். அதை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

அவளோடு வேலை செய்கிற பெண் என் கடைக்கு ரவிக்கை கொடுக்க வந்தபோது சொல்லித்தான் எனக்குத் தெரியும். இஸ்திரி போடும் முன் விரிப்பில் தண்ணீர் தெளிப்பார்கள். கடுகு கிண்ணத்தில் விரலை நனைத்து வெள்ளை விரிப்பில் ஒரு எழுத்தை எழுதுவாளாம். ஈரம் தெரிகிற வரை பார்ப்பாளாம். சரியில்லை என்றால் சூடான பெட்டியை மேலே ஓட்டி அழித்துவிடுவாளாம். "உங்க தங்கச்சி ஓட்டல்காரன் படுக்கை முழுக்க தன் பேரை எழுதி எழுதி ஆவியா விட்டா. எந்தப் பெரிய மனுஷன் எந்த எழுத்து மேல தூங்குறானோ" என்று அந்தப் பெண் சிரித்தாள். எனக்கு ரவிக்கைத் துணியில் அளவு தப்பிவிட்டது. மறுபடி எடுத்தேன்.

மாதக் கடைசிக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. சாயங்காலம் நான் போனபோது சிஸ்டர் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றிருந்தாள், ஆனால் கிளம்பவில்லை. கடுகு பாப்பாவுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். மாற்றியதும் தடுப்பைத் தூக்கிப் பூட்டினாள். சத்தம் கேட்டது. இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். அசையவில்லை. அடியில் குனிந்து பார்த்தாள். வாளி, செருப்பு, பொம்மை ஒன்றும் இல்லை. கட்டிலைக் கடைசி வரை இறக்கினாள். சக்கரங்களை ஒவ்வொன்றாகக் காலால் அழுத்திப் பார்த்தாள். மெத்தையின் நான்கு ஓரமும் தடுப்போடு ஒட்டி இருக்கிறதா என்று விரலை நடுவில் விட்டுப் பார்த்தாள். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. பாப்பாவின் முழங்காலுக்கு அடியில் கட்டிலைக் கொஞ்சம் மடக்கி, பிறகு தலைப்பக்கத்தைக் கொஞ்சமாக உயர்த்தினாள். மோட்டார் முனகியது.

"ம்ம்ம்" என்றாள் கடுகு, கட்டிலுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

பாப்பாவின் வாய் ஓரம் விரிந்தது. சிரிப்பு பெரிதாக இல்லை. கால்பங்கு சிரிப்பு. போதும் என்பது போலக் கடுகு ரிமோட்டைப் பாப்பாவின் கைக்கு எட்டாத கொக்கியில் மாட்டினாள்.

பிறகு கால்பக்கம் வந்து அட்டையைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டாள். சிஸ்டர் பேனாவை நீட்டினாள். "என்கிட்ட இருக்கு" என்று கடுகு தன்னுடையதை எடுத்தாள். புதுப் பேனா. மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாள்.

நாங்கள் இருவரும் வேறு பக்கம் பார்த்தோம். ரொம்ப நேரம் ஆனது. பேனா அட்டையில் கீறும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, நின்றது, மறுபடி கேட்டது.

நான் திரும்பிப் பார்த்தபோது அவளுடைய முழுப்பெயர் அங்கே இருந்தது. எழுத்துகள் கொஞ்சம் சாய்ந்திருந்தன, ஒன்றுகூடத் தப்பு இல்லை. நான் இரண்டு தடவை சரி பார்த்தேன். கடைசி எழுத்தின் வாலை மட்டும் அவள் விடவில்லை. இழுத்து, சுழித்து, மறுபடி சுழித்து, சாயங்காலக் கட்டத்தைத் தாண்டி, சிஸ்டரின் காலைக் கட்டத்துக்குள்ளேயே பாதி தூரம் கொண்டுபோய் நிறுத்தியிருந்தாள்.

சிஸ்டர் குனிந்து அதைப் பார்த்தாள். "என் இடத்தையும் பிடிச்சிட்டீங்களேக்கா" என்றாள்.

"நாளைக்கு நீ சின்னதாப் போட்டுக்கோ" என்றாள் கடுகு.

அட்டையின் மேல் ஓரத்தில் சிஸ்டர் காலையிலேயே தேதி எழுதியிருந்தாள்: 2019 ஆகஸ்ட் 22, வியாழக்கிழமை.